வீட்டு எலியும் காட்டு எலியும்

அந்தமானில் எலி என்றதும் நம் நினைவுக்கு வருவது வீட்டு எலிதான். இரவெல்லாம் கூரையில் ஓடும். அரிசி மூட்டையைக் கடிக்கும். தென்னையில் ஏறி இளங்காயைக் குடைந்து தள்ளும். ஆனால் இத்தீவுகளுக்கே உரிய காட்டு எலி ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். பிழைப்பு மட்டும் வேறு வேறு.

வீட்டு எலி நம்மைப் போலவே கப்பலேறி வந்தது. உடலைவிட நீண்ட வால் இதற்கு. மரமேறவும் கயிற்றில் நடக்கவும் அது துணை செய்கிறது. சுமார் மூன்று வாரக் கர்ப்பத்தில் குட்டி போடுவதால் வெகு விரைவில் பெருகிவிடும்.

அந்தமான் எலி காட்டுவாசி. ரிச்சி தீவுக் கூட்டத்து ஹென்றி லாரன்ஸ் தீவிலிருந்து அமெரிக்கரான ஆபட் கொண்டு சென்ற மாதிரியைப் பரிசோதித்து, 1902இல் மில்லர் என்பவர் அதைத் தனி இனமாக அறிவித்தார். உலகில் வேறெங்கும் இது கிடையாது. காடு அழிந்தால் இதற்குப் போக்கிடம் இல்லை. எனவே காட்டோரங்களில் எலி மருந்து வைப்போர் யோசித்துச் செய்ய வேண்டும்.

வீட்டு எலி விஷயத்திலோ எச்சரிக்கை தேவை. 1988 முதல் மழைக்காலங்களில் வட அந்தமானில் காய்ச்சலோடு ரத்தம் கக்கிப் பலர் இறந்தனர். காரணம் புரியாமல் 'அந்தமான் ரத்தக் கசிவுக் காய்ச்சல்' என்றார்கள். அது எலிக் காய்ச்சலே என்று 1993இல் தெளிவாயிற்று. நோய்க்கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காலிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியே உடலுக்குள் புகுகிறது. மாடு, பன்றி முதலியவையும் இதைப் பரப்பக் கூடியவை.

வயலில் இறங்குவோர் காலில் பூட்ஸ் அணிவது நல்லது. சோறு, தானியங்களை மூடி வையுங்கள். தென்னந்தண்டில் வழவழப்பான தகரப்பட்டை கட்டினால் எலி ஏறாது. செத்த எலி எதுவானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

மழைக்குப்பின் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் கண்டால் கஷாயம் வைத்துக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வயலில் இறங்கியதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகளே குணப்படுத்திவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.