விலையும் வயிறும் – 9: ஐந்து பியாஸ்தர் ரொட்டி

போன வாரம் இந்தோனேசியாவின் பெட்ரோல் மானியம். இந்த வாரம் எகிப்து, ரொட்டி.

கெய்ரோவின் பழைய பேட்டைகளில் மானிய ரொட்டி விற்கும் பேக்கரி பெரும்பாலும் கம்பி போட்ட ஒரு ஜன்னல்தான். அட்டையை நீட்டினால் உள்ளே இருப்பவர் கருவியில் தேய்த்து, எத்தனை ரொட்டி என்று அழுத்துவார். அடுப்பிலிருந்து பூரி போல உப்பி வரும் ரொட்டியைச் சுடச்சுட அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் வாங்கியவர்கள் அங்கேயே, நடைபாதைக் கம்பியின் மேலோ நிறுத்தியிருக்கும் யாரோ ஒருவரின் கார் பானெட்டின் மேலோ பரப்பி, ஆறவிட்டுப் பிறகே பையில் போடுகிறார்கள். தவிடு முழுக்கச் சலிக்காத கோதுமை மாவில் செய்த இதற்கு ‘அய்ஷ் பலதி’ என்று பெயர். காலையில் அவித்த மொச்சையோடு, மதியம் கிடைத்த குழம்போடு, ராத்திரி வெறும் வெங்காயத்தோடு என்று மூன்று வேளையும் இதுதான்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி. 1980களின் கடைசியிலிருந்து 2024 மே வரை ஒரு ரொட்டியின் விலை 5 பியாஸ்தர். நூறு பியாஸ்தர் சேர்ந்தால் ஒரு எகிப்து பவுண்டு. 2024 நிலவரப்படி அந்த ஐந்து பியாஸ்தர் நம் காசில் பத்துப் பைசாகூட ஆகாது. பத்துக் கோடிக்குக் கொஞ்சம் மேலான மக்கள்தொகையில் ஆறு கோடிப் பேருக்கு மேல் இந்த ரொட்டியை வாங்குகிறார்கள். நைல் பாயும் நாடுதான். ஆனாலும் உலகச் சந்தையில் மிக அதிகமாகக் கோதுமை வாங்கும் நாடுகளில் ஒன்று. அப்படி வாங்கும் கோதுமைக்கான பணத்தை டாலரில் கொடுத்தாக வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு அரசும் விலையைத் தொடவில்லை. காரணம் 1977. அந்த ஜனவரி 17 அன்று, ஐ.எம்.எஃப். கடனுக்குக் கை நீட்டியிருந்த அன்வர் சதாத்தின் அரசு மாவு, அரிசி, சர்க்கரை, டீத்தூள், சமையல் கேஸ் என்று வரிசையாக மானியத்தை வெட்டியது. மறுநாள் ஹெல்வான் ஆலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், மாணவர்கள் வந்தார்கள். அலெக்ஸாண்ட்ரியா முதல் அஸ்வான் வரை இரண்டு நாள் நாடு எரிந்தது. ராணுவம் இறங்கியது, எழுபது பேருக்கு மேல் செத்தார்கள். சதாத் இதைத் ‘திருடர்களின் கலகம்’ என்று ஏசினார். ஏசிக்கொண்டே விலையேற்றத்தை வாபஸ் வாங்கினார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பாடம் படித்தார்கள். படித்த பாடம், சத்தம் போடாமல் ஏற்ற வேண்டும் என்பது. சதாத்துக்கு அடுத்த அதிபர் முபாரக்கின் காலத்தில் ஒரு பியாஸ்தர் ரொட்டி விற்றுக்கொண்டிருந்த கடையில், ‘தரமானது’ என்று இரண்டு பியாஸ்தர் ரொட்டியையும் பக்கத்தில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு பியாஸ்தர் ரொட்டி கிடைப்பது அரிதாகி, அப்புறம் காணாமலே போனது. இரண்டு ஐந்தானது. ஐந்துக்கு மேல் போகத் துணிச்சல் இல்லாதபோது எடையில் கை வைத்தார்கள். 130 கிராமாக இருந்த ரொட்டி படிப்படியாக இளைத்து 110 ஆனது. 2020 ஆகஸ்டில் 90 ஆனது. விலை மாறவில்லை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். கிராம் கணக்கில் பார்த்தால் இது 44 சதவீத விலையேற்றம்.

சதாத் சொன்ன திருட்டு இருந்தது, ஆனால் வாங்குகிறவர்கள் வரிசையில் இல்லை, பின்வாசலில் இருந்தது. 2014 வரை அரசு மானியத்தை மாவிலேயே கொடுத்துவந்தது. பேக்கரிக்காரருக்கு நூறு கிலோ மூட்டை 16 பவுண்டுக்கு வரும். வெளியே அதே மூட்டைக்குப் பல மடங்கு விலை. அடுப்பு மூட்டி, ஆள் வைத்து, ராத்திரியெல்லாம் கண் விழித்து ரொட்டி சுட்டால் கிடைப்பது அற்பம்; மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே கைமாற்றிவிட்டால் கிடைப்பது கொள்ளை லாபம். இதில் பேக்கரிக்காரரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது வீண். திட்டமே அவரைத் திருடச் சொல்லி அமைக்கப்பட்டிருந்தது. 2008இல் உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியதும் இந்த இடைவெளி இன்னும் அகன்றது. ரொட்டி வரிசைகள் தெருக்கோடி வரை நீண்டன. வரிசைச் சண்டையில் உயிர்கள் போயின. கடைசியில் ராணுவத்தின் அடுப்புகளில் ரொட்டி சுடச் சொல்லி முபாரக் உத்தரவிட வேண்டியதாயிற்று. மூன்று வருஷம் கழித்து முபாரக்குக்கு எதிராகத் தஹ்ரீர் சதுக்கத்தில் எழுந்த கோஷத்தில் சுதந்திரத்துக்கும் சமூக நீதிக்கும் முன்னால் ரொட்டிதான் வந்தது.

2014இல் வந்த மாற்றம் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. உணவு வழங்கல் அமைச்சர் காலித் ஹனஃபியின் காலத்தில், போர்ட் சயீதில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். பேக்கரி இனி மாவை முழு விலைக்கு வாங்க வேண்டும். அட்டை தேய்த்து விற்ற ஒவ்வொரு ரொட்டிக்கும், அடக்கத்துக்கும் ஐந்து பியாஸ்தருக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுக்கும். முழு விலைக்கு வாங்கிய மூட்டையை வெளியே விற்று என்ன லாபம்? அதோடு, வாங்காமல் விட்ட ரொட்டி ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தின் கணக்கில் 10 பியாஸ்தர் புள்ளியாக ஏறும். அதை வைத்து எண்ணெயோ சர்க்கரையோ வாங்கிக்கொள்ளலாம். அதுவரை மிஞ்சிய ரொட்டியைக் கோழிக்குப் போட்டவர்களும் இப்போது யோசித்தார்கள்.

திருட்டு ஒழிந்ததா என்றால், இடம் மாறியது. அட்டை இல்லாதவர்களுக்கு விற்பதற்காகப் பேக்கரிகளிடம் ‘தங்க அட்டை’ என்று ஒன்று இருந்தது. அதில் விற்காத ரொட்டிக்கும் பணம் எழுதிக்கொள்ள முடிந்தது. 2017 மார்ச்சில் அந்த ஒதுக்கீட்டை அரசு வெட்டியதும் அலெக்ஸாண்ட்ரியாவிலும் இம்பாபாவிலும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு உடனே இறங்கிவந்தது. அதற்கு முந்தின வருஷமே கோதுமைக் கிடங்கு ஊழல் வெடித்திருந்தது. ஏட்டில் இருந்த கோதுமை கிடங்கில் இல்லை என்று நாடாளுமன்றக் குழு கண்டுபிடித்தது. ஹனஃபி ராஜினாமா செய்தார். கடை ஜன்னலில் கருவி வைத்தவர்கள் கிடங்கு வாசலில் ஒன்றும் வைக்கவில்லை.

2022இல் உக்ரைன் போர் வந்தது. எகிப்து வாங்கும் கோதுமையில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும்தான். கெய்ரோ இந்தியாவின் பக்கம் திரும்பியது. ஏப்ரலில் இந்தியக் கோதுமைக்கு அனுமதி கொடுத்தார்கள். மே 13 அன்று இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. காண்ட்லா துறைமுகத்தில் எகிப்துக்காக ஏற்றிக்கொண்டிருந்த 61,500 டன்னுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. இறக்குமதியை நம்பி மானியம் கொடுக்கும் நாட்டின் நிலை இதுதான்.

2024 மார்ச்சில் பவுண்டின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. ஜூன் 1 முதல் ரொட்டி 20 பியாஸ்தர் என்று பிரதமர் முஸ்தஃபா மத்பூலி அறிவித்தார். நான்கு மடங்கு. அரசுக்கு ஒரு ரொட்டியின் அடக்கம் 125 பியாஸ்தர் என்ற கணக்கையும் சொன்னார். 1977 திரும்பும் என்று பயந்தவர்கள் உண்டு, திரும்பவில்லை. போராட்டத்தை ஒடுக்க 2013 முதல் இருக்கும் கடுமையான சட்டம் ஒரு காரணம். இருபது பியாஸ்தர் ஆன பிறகும் வெளிச்சந்தை ரொட்டியை விட இது எவ்வளவோ மலிவு என்பது இன்னொன்று.

இப்போதைய பேச்சு வேறு. ரொட்டியே வேண்டாம், அதற்கான பணத்தைக் கையில் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். 2015 முதல் நடக்கும் ‘தகாஃபுல் – கராமா’ என்ற உதவித்தொகைத் திட்டம் முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. பணம் என்றால் கிடங்கு வேண்டாம், மூட்டை வேண்டாம், கசிவு குறைவு, வாங்குபவர் தனக்கு வேண்டியதை வாங்கலாம். இவை எல்லாமே நியாயமான வாதங்கள்.

ஆனால் 2023 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் ஆண்டுப் பணவீக்கம் 38 சதவீதம். உணவுப் பொருள்களில் எழுபதைத் தாண்டியது. அந்த மாதமும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி, ஒன்று 90 கிராம், 5 பியாஸ்தர். சந்தையில் என்ன நடந்தாலும் ஐந்து ரொட்டி ஐந்து ரொட்டிதான். பணமாகக் கொடுத்திருந்தால் அந்தத் தொகை ஒரே வருஷத்தில் என்னவாகியிருக்கும்?

ஈரானில் இது நடந்தே முடிந்துவிட்டது. 2010 டிசம்பரில் அகமதிநிஜாத் அரசு எரிபொருள், ரொட்டி மானியங்களை வெட்டி, தலைக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுத்தது. செய்தவிதம் அருமை: விலை ஏறுவதற்கு முன்பே பணம் கணக்கில் ஏறியிருந்தது. தொடக்கத்தில் அது சுமார் 45 டாலர். பத்து வருஷம் அந்த எண் அசையவில்லை, ரியால் சரிந்துகொண்டே போனது. 2020இன் கடைசியில் வெளிச்சந்தைக் கணக்கில் அது இரண்டு டாலர்கூட இல்லை. ஒரு சட்டமும் மாற்றாமல், ஒரு அறிவிப்பும் செய்யாமல், அந்த உதவி கரைந்தே போனது.

நமக்குப் பக்கத்திலும் உண்டு. புதுச்சேரியில் 2015இல் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். அரிசிதான் வேண்டும் என்ற குரல் ஓயவேயில்லை. 2024 தீபாவளிக்கு முன் கடைகளை மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

விலைவாசி ஏறும்போதெல்லாம் தொகையும் தானாக ஏறும் என்று சட்டத்தில் எழுதிக் கொடுக்காத வரை, எகிப்தின் ஏழைகள் ரொட்டி அட்டையை விட்டுக்கொடுக்கக் கூடாது. ரொட்டியின் எடையைக் குறைப்பதற்குக்கூட அரசு ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. பணத்தின் மதிப்பு குறைய அதுவும் தேவையில்லை.

(தொடரும்)