கல்லில் எழுதிய செய்தியில் 'வாங்கு'!

சுட்டிகளே! "கடைக்குப் போய் அரை கிலோ சர்க்கரை வாங்கிட்டு வா" என்று அம்மா சொன்னால், உடனே என்ன கேட்பீர்கள்? "காசு குடும்மா!" இல்லையா?

வாங்குவது என்றால் காசு வேண்டும். இது நமக்குத் தெரிந்த கணக்கு. ஆனால், காசே இல்லாமல் ஒரு பையன் 'வாங்கிய' கதை ஒன்று இருக்கிறது. அது நடந்த ஊரைப் பார்க்கப் போவோமா?

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியில் கடல் மாதிரி ஒரு பெரிய ஏரி உண்டு. அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் உத்திரமேரூர் வரும். ஏரிகளை நம்பி வாழும் சீமை இது. ஏரியைப் பார்த்துக்கொள்ள அந்தக் காலத்தில் உத்திரமேரூரில் 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவே இருந்தது. அதில் ஆறு பேர். அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஊர்ச் சபை கூடி முடிவு செய்து, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தது.

அதுதான் அன்றைய செய்தித்தாள்! நம் நாளிதழில் மேலே தேதி இருக்கிறதல்லவா? இதிலும் அப்படித்தான். எந்த மன்னர், எத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் தொடங்குகிறது. முதலாம் பராந்தக சோழரின் 12-வது ஆண்டில் (கி.பி. 919) ஒன்று, 14-வது ஆண்டில் (கி.பி. 921) இன்னொன்று. 'சுதேசமித்திரன்' பத்திரிகை தொடங்கியது 1882-ல். அதற்கு 961 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் 'செய்தி' வெளியாகிவிட்டது!

செய்தி இதுதான். ஊரில் 30 பகுதிகள். அவற்றுக்குக் 'குடும்பு' என்று பெயர். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதுவார்கள். குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சிறியவர், பெரியவர் எல்லாரும் கூடியிருக்கும்போது, பட்டப்பகலில், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை அழைப்பார்கள். அவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுப்பான்.

இந்த இடத்தில்தான் நம் சொல் வருகிறது. 'எடுத்து' என்று கல்வெட்டு சொல்லவில்லை. 'வாங்கி' என்கிறது! உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதற்கும் அன்று வாங்குதல் என்றே பெயர். "என் உயிரை வாங்காதே!" என்று பாட்டி திட்டுகிறாரே, யாராவது உயிரைக் காசு கொடுத்தா வாங்குவார்கள்? அந்தப் பழைய பொருள் பாட்டியின் வாயில் இன்னும் இருக்கிறது.

அடுத்து அந்த ஓலையை மத்யஸ்தன் என்ற ஊர்க் கணக்கரிடம் சிறுவன் தருவான். அவரும் அதை 'வாங்க' வேண்டும். எப்படித் தெரியுமா? ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில்! விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! பிறகு அவர் பெயரை வாசிப்பார். அங்கிருக்கும் நம்பிமார்கள் எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் உறுதியாகும்.

பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே முடியாது. அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை! ஆனால், எல்லாருக்கும் பதவி கிடைத்துவிடவும் இல்லை. வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் இருந்த ஆண்களுக்குத்தான் வாய்ப்பு.

இன்னொரு வேடிக்கை. 'கொடுப்பது' என்று எழுத வேண்டிய இடத்தில் கல்வெட்டில் 'குடுப்பது' என்றே இருக்கிறது. நீங்கள் கட்டுரை நோட்டில் அப்படி எழுதினால் தமிழ் ஐயா சிவப்பு மையால் சுழித்துவிடுவார். பேசியபடியே வெட்டிவிட்டார் போலும் அந்தக் கல்தச்சர்!

ஓலையை வாங்கிய சிறுவனுக்கு உங்கள் வயதோ, அதைவிடக் குறைவோ இருக்கலாம். அவன் பெயர் கல்லில் இல்லை. அடுத்த முறை உத்திரமேரூர் போனால், அந்தச் சுவரில் அவன் 'வாங்கி'ய இடத்தைத் தேடிப் பாருங்களேன்!