பேரோவியத்தின் முன்வரைவு

புலவன் ஒருவன் முதன்முதல் எழுதிப் பார்த்த ஏட்டை நாம் காண்பது அரிது. அவன் அடித்தவையும் திருத்தியவையும் மறைந்துபோக, முடிந்த பாட்டே நம் கைக்கு எட்டுகின்றது. ஓவியத் துறையில் நம் நிலை நல்லது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு வரலாற்று ஓவியர்கள், பெருந்திரையில் கைவைக்குமுன் சிறு திரையொன்றில் எண்ணெய் வண்ணத்தால் முன்வரைவு தீட்டிப் பார்ப்பர். அதனை 'எஸ்கீஸ்' என்பர். உருவங்கள் எங்கே நிற்கவேண்டும், ஒளி எத்திசையினின்று விழவேண்டும் என்பவற்றை அதிலேயே துணிவர். முகங்களில் கண்ணும் மூக்கும் தெளிவாக இரா. தூரிகையின் விரைவு மட்டும் அப்படியே நிற்கும்.

தியடோர் ஜெரிக்கோ தீட்டிய 'மெதூசாவின் தெப்பம்' என்னும் ஓவியத்திற்கும் இத்தகைய முன்வரைவுகள் உண்டு. அவ்வோவியத்தின் பின்னே ஒரு கொடுந்துயரம் இருக்கின்றது.

1816-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், செனகலுக்குச் சென்ற மெதூசா என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையருகே மணல்திட்டில் மோதித் தரைதட்டியது. அதன் தலைவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கடலில் கப்பல் செலுத்தாதவர். அரசின் தயவால் பதவி பெற்றவர். படகுகளில் இடம் போதாமையால் 147 பேர் மரங்களைப் பிணைத்த தெப்பமொன்றில் ஏற்றப்பட்டனர். அதனை இழுத்துச் செல்லவேண்டிய படகுகள் கயிற்றை விட்டுவிட்டு அகன்றன. பசியும் தாகமும் கலகமும் வாட்ட, உயிருள்ளோர் இறந்தோரின் ஊனையும் உண்ண நேர்ந்தது. 13-ஆம் நாள் ஆர்கஸ் என்னும் கப்பல் வந்து மீட்டபோது எஞ்சியவர் 15 பேரே.

இத்துணைப் பெரிய கதையில் எந்த நொடியைத் தீட்டுவது? உயிர்பிழைத்தோர் இருவரைக் கண்டு உசாவிய ஜெரிக்கோ, கலகத்தையும் வரைந்து பார்த்தார்; மீட்புப் படகு அணுகும் காட்சியையும் வரைந்து பார்த்தார். இரண்டும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தொலைவில் ஆர்கஸ் முதன்முதல் தென்பட்டது. பின் கண்ணினின்று மறைந்தது. இரண்டு மணி நேரங் கழித்தே திரும்பியது. அந்த முதல் தோற்றத்தையே அவர் தேர்ந்தார். மீட்பு உறுதியாகாத நொடி அது என்பதை நோக்குங்கள்.

லூவர் அருங்காட்சியகத்திலுள்ள முன்வரைவு ஒன்றின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை அடியே. ஆயினும் கிடந்தும் எழுந்தும் ஒருவர்மேல் ஒருவராக உயரும் மாந்தர் குவியல் அதிலேயே உருப்பெற்றுவிட்டது. பின்னர் அவர் செய்த மாற்றங்களுள் சிறந்தது, என் கருத்தில், கப்பலைப் பற்றியது. தொடக்கத்தில் அண்மையில் எண்ணிய கப்பலை அவர் மேன்மேலும் தொலைவுக்குத் தள்ளினார். மாந்தர் உருவங்களோ பெருகி, காண்போரை நெருங்கி வந்தன.

1819-ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட பேரோவியம் 16 அடி உயரமும் 23 அடிக்கு மேற்பட்ட அகலமும் உடையது. அதில் ஆர்கஸ் தொடுவானத்தில் ஒரு புள்ளி, தேடினாலன்றித் தென்படாது.