யாருடைய கடந்தகாலம் அழிகிறது? அதிநாயகக் காமிக்ஸின் மறுதொடக்கமும் புதியவர்களும்

1

சூப்பர்மேன், பேட்மேன் சமாச்சாரமெல்லாம் இங்கே எதற்கு என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெகுசனப் பண்பாடு என்றாலே ஏகாதிபத்தியக் குப்பை என்று தள்ளிவிட்டுப் போகிற பழக்கம் நமக்கு ரொம்ப நாளாக உண்டு. சரி, குப்பையாகவே இருக்கட்டும். அந்தக் குப்பைக்குள்ளே வரலாற்றை அழித்து எழுதுகிற வேலை ஒளிவுமறைவில்லாமல், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து நடக்கிறது. பாடநூல், தலபுராணம், சாதி வரலாறு என்று பல போர்வைகளுக்குள் நடக்கிற அதே காரியம் இங்கே அட்டையில் விலை போட்டு விற்கப்படுகிறது. அதனாலேயே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சூப்பர்மேன் 1938ல் வந்தவன், பேட்மேன் 1939ல். இவர்கள் எழுதியவனுக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குச் சொந்தம். எழுதுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பாத்திரம் சாகாது, கிழடு தட்டாது. டிசி என்கிற நிறுவனத்தின் நாயகர்கள் எல்லோரும் ஒரே உலகத்தில் வாழ்வதாக ஏற்பாடு. ஆக ஒருத்தன் கதையில் நடந்தது மற்றவன் கதையிலும் நடந்ததாகவே கணக்கு. ஐம்பது அறுபது வருஷம் மாதாமாதம் இப்படிக் கதை சேர்ந்தால் முன்னுக்குப் பின் முரண் குவியாமல் என்ன செய்யும்? புதிதாக வாங்குகிறவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. விற்பனை விழும். அப்போது கம்பெனி கதைக்குள்ளேயே ஒரு பிரளயத்தை வரவழைத்து, பழைய காலத்தை அழித்துவிட்டு, முதல் இதழிலிருந்து திரும்பத் தொடங்குகிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதற்குச் சொல்கிற ‘ரீபூட்’ என்கிற சொல்லையே இதற்கும் சொல்கிறார்கள். நாம் மறுதொடக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

டிசி இதை 1985-86ல் 12 இதழ்கள் கொண்ட ஒரு தொடரில் செய்தது. 2011ல் இன்னொரு முறை: ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்துச் செப்டம்பர் முடிவதற்குள் 52 தலைப்புகள், எல்லாமே ஒன்றாம் எண்ணிலிருந்து. ‘புதிய 52’ என்று பெயர். இந்த உலகத்தில் அதிநாயகர்கள் வெளியே தெரியவந்தே ஐந்து வருஷம்தான் ஆகிறது என்பது புதுக் கணக்கு.

மறுதொடக்கம் என்றால் கூடவே புதிய பாத்திரங்கள் வருவார்கள். 2011க்குப் பின்னால் வந்தவர்களில் அரபு முஸ்லிம் உண்டு, கறுப்பர் உண்டு, தற்பால் விருப்பமுள்ள மெக்ஸிகப் பையன் உண்டு. வெள்ளை ஆண்களின் உலகத்தில் கதவு திறந்துவிட்டது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். கதவு திறந்தது உண்மைதான். உள்ளே வந்தவர்களுக்குக் கடந்தகாலம் என்று ஒன்று கொடுக்கப்பட்டதா என்பதே இங்கே நம் கேள்வி.

2

இரண்டு புதுமுகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சைமன் பாஸ் 2012ல் வந்தான். ‘கிரீன் லேன்டர்ன்’ என்பது ஒரு பச்சை மோதிரம் தேர்ந்தெடுக்கிறவர்களின் படை. அந்த மோதிரம் இவனைத் தேர்ந்தெடுக்கிறது. லெபனான் வம்சாவளி, மிச்சிகன் மாநிலத்தில் அரபு மக்கள் நிறைய வாழும் டியர்பார்ன் ஊர்க்காரன். சின்னப் பையனாக 2001 செப்டம்பரில் கோபுரங்கள் இடிந்ததைப் பார்த்தவன். வளர்ந்தபின் வேலை போய், கார் திருடப் போகிறான். திருடிய வண்டிக்குள்ளே குண்டு இருக்கிறது. யாருக்கும் ஆபத்து வராமல் அதைக் காலியான தொழிற்சாலைக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். இருந்தும் பயங்கரவாதி என்று பிடித்து விசாரிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் மோதிரம் வந்து சேர்கிறது.

அக்கறையோடு எழுதப்பட்ட கதைதான். ஆனாலும் கவனியுங்கள்: இவனுடைய காலம் எங்கே ஆரம்பிக்கிறது? 2001ல். இன்னொருத்தன் சந்தேகப்படத் தொடங்கிய நாளில் இவனுக்கு வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன்னே டியர்பார்னின் கார்த் தொழிற்சாலைகளுக்கு உழைக்க வந்த ஒரு தலைமுறை, அவர்கள் விட்டுவிட்டு வந்த ஊர், பேசிய பேச்சு எதுவும் பெரிதாகக் கதைக்குள் வருவதில்லை. குற்றவாளி அல்ல என்று நிரூபிப்பதே நாயகனாவதற்கு நுழைவுச்சீட்டு.

‘ஆந்தைகளின் சபை’ 2011ல், மறுதொடக்கத்தின் முதல் பேட்மேன் இதழ்களிலேயே வருகிறது. காதம் நகரத்தின் பழம்பணக்காரக் குடும்பங்கள் நடத்துகிற ரகசியக் கூட்டம். வாசகனுக்கு இதுவும் அன்றைக்குத்தான் அறிமுகம். வரும்போதே பல நூற்றாண்டு வரலாற்றோடு வருகிறது. நகரத்தின் பழைய கட்டிடங்களுக்குள்ளே அதற்கு ஒளிவறைகள் இருக்கின்றன. பேட்மேனின் முன்னோர் காலத்திலேயே அது இருந்திருக்கிறது. ஒரே மறுதொடக்கத்தில், ஒரு வருஷத்துக்குள் பிறந்த இரண்டு கற்பனைகள். பணக்காரனுக்குப் பேனா ஒரே இரவில் முன்னூறு வருஷம் கொடுத்துவிடுகிறது. அரபுப் பையனுக்குப் பத்து வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறது. புதிதாக வந்தவனுக்குப் பழைய கதை எப்படி இருக்கும் என்று சமாதானம் சொல்ல முடியாது. இருக்க முடியும் என்பதற்கு ஆந்தைகளே சாட்சி.

3

இனி அழிந்தவர்களைப் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி அழியவில்லை. பேட்மேனும் கிரீன் லேன்டர்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்த தலைப்புகள். அவை தம் பழைய கதையில் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டன. ஐந்தே வருஷத்துக்குள் பேட்மேனிடம் அத்தனை ராபின்கள் எப்படி வந்து போனார்கள் என்கிற கேள்வி கேள்வியாகவே நின்றது.

சைபார்க் 1980ல் படைக்கப்பட்ட கறுப்பு நாயகன், ‘டீன் டைட்டன்ஸ்’ என்கிற இளைஞர் குழுவில் வளர்ந்தவன். 2011ல் அவனைப் பெரியவர்களின் சங்கமான ‘ஜஸ்டிஸ் லீக்’கின் ஏழு நிறுவனர்களில் ஒருத்தனாக ஆக்கினார்கள். பெரிய பதவிதான். ஆனால் டைட்டன்ஸ் குழுவோடு அவன் கழித்த முப்பது வருஷக் கதைகள் கணக்கில் இல்லாமல் போயின. நாற்காலி கிடைத்தது, சிநேகிதர்கள் போய்விட்டார்கள்.

ஸ்டேடிக் கதை இன்னும் கசப்பானது. 1993ல் கறுப்புக் கலைஞர்கள் சேர்ந்து ‘மைல்ஸ்டோன்’ என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அச்சிட்டு விநியோகித்தது டிசி. பாத்திரங்கள் இவர்களுக்கே சொந்தம். டகோட்டா என்று ஒரு கற்பனை நகரத்தையே கட்டியெழுப்பி அதில் ஸ்டேடிக் என்கிற பள்ளிக்கூடப் பையனை உலவவிட்டார்கள். 2011ல் அவன் 52 தலைப்புகளில் ஒன்றாகிறான். ஆனால் டகோட்டாவிலிருந்து பெயர்த்து நியூயார்க்கில் நடுகிறார்கள். 2012ன் தொடக்கத்தில் முதல் சுற்றாக ஆறு தலைப்புகளை நிறுத்தியபோது ஸ்டேடிக் அதில் ஒன்று. கறுப்பு நாயகனின் இன்னொரு தலைப்பான ‘மிஸ்டர் டெரிஃபிக்’கும் ஒன்று. இரண்டுமே எட்டாவது இதழோடு முடிந்தன.

பார்பரா கார்டன் முதலில் பேட்கேர்ள். 1988ல் வந்த ஒரு கதையில் சுடப்பட்டு நடக்க முடியாமல் போகிறாள். பெண்ணை ஆணின் துயரத்துக்குக் கருவியாக்கிவிட்டுக் கைகழுவிய கதை அது. கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற தம்பதியர் 1989ல் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக எல்லா நாயகர்களுக்கும் தகவல் தருகிற ‘ஆரக்கிள்’ ஆக்கினார்கள். 22 வருஷம் அவள் அப்படி இருந்தாள். மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கு அவள் யாராக இருந்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2011ல் சிகிச்சை மூலம் அவளுக்கு நடை திரும்பிவிட்டது, பேட்கேர்ள் ஆகிவிட்டாள். நாற்காலி மூன்று வருஷ நோய்க்காலமாகச் சுருங்கியது. காயத்தை வைத்துக்கொண்டார்கள், காயத்துக்குப் பிறகு அவள் கட்டிய வாழ்க்கையைத்தான் ஒதுக்கினார்கள்.

கடைசியாக வாலி வெஸ்ட். ‘பிளாஷ்’ கதைகளில் வருகிற வெள்ளைக்கார இளைஞன். 2011ல் காணாமல் போனவன். 2014ல் அதே பெயரில் ஒரு கறுப்புப் பையன் வந்தான். பழைய வாசகர்களின் முணுமுணுப்பு ஓயவில்லை. 2016ல் டிசி பாதி மறுதொடக்கம் ஒன்று செய்து வெள்ளை வாலியைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படியானால் கறுப்பு வாலி யார்? இருவரும் உறவுக்காரர்கள், இருவருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று விளக்கம். கறுப்புப் பையன் ‘வாலஸ்’ ஆனான். சொந்தக்காரன் வந்ததும் திண்ணையைக் காலி செய்கிற கதைதான்.

4

ஆக மறுதொடக்கம் என்கிற கதையாடல் உத்தி நடுநிலையானதல்ல. கனமான கடந்தகாலம் உள்ளவன் அழிப்பைத் தாண்டி வருகிறான். மெலிந்த கடந்தகாலம் உள்ளவன்தான் ஒவ்வொரு முறையும் புதியவனாக வருகிறான், புதியவனாகவே போகிறான். மார்வெல் நிறுவனத்தின் மைல்ஸ் மொராலஸ் 2011ல் ஒரு இணை உலகத்தில் ஸ்பைடர்மேன் ஆன கறுப்பு-லத்தீனோ பையன். 2015-16ல் அந்த உலகமே அழிந்தபோது அவன் குடும்பத்தோடு பிரதான உலகத்துக்குக் குடிபெயர்ந்தான். காரணம்? பசித்திருந்த ஒரு சர்வசக்தனுக்கு அவன் ஒரு பழைய ஹாம்பர்கரைக் கொடுத்தானாம், அதற்குக் கைம்மாறு. நல்ல பையன், பிழைத்துக்கொண்டான். வாழ்வுரிமை சலுகையாகக் கிடைத்தது என்பதைப் பிரதியே ஒப்புக்கொள்கிற இடம் இது.

நம்மூருக்கும் ஒரு ஸ்பைடர்மேன் வந்தான். 2004ல் மார்வெலின் ஒப்புதலோடு சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் படைத்த பவித்ர் பிரபாகர், நான்கு இதழ்கள். உலகத்தை அழிக்காமல், ஒரே நாயகனை வேறு மண்ணில் முதலிலிருந்து தொடங்கிய முயற்சி. கிராமத்திலிருந்து மும்பைக்குப் படிக்க வந்து, உடையைப் பார்த்துக் கேலி செய்யப்படுகிற பையன். கேலிக்குள்ளே வர்க்கம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கலாம். போகவில்லை. 1962ன் பீட்டர் பார்க்கருக்குக் கதிரியக்கம் பட்ட சிலந்தி கடித்துச் சக்தி வருகிறது. பவித்ருக்கு ஒரு யோகி கொடுக்கிறார். அமெரிக்கனுக்கு விஞ்ஞானம், இந்தியனுக்கு யோகம். கீழைத்தேயம் பற்றி மேற்கு வரைந்த படத்தை நாமே மை ஊற்றி நிரப்பிக் கொடுத்தோம். பெயரையும் பாருங்கள்: பவித்ர், அதாவது தூய்மை. தர்ப்பை மோதிரத்துக்கும் பவித்திரம் என்றுதான் பெயர். கிராமத்து ஏழைப் பையனுக்கு எந்தக் கிராமம், எந்தத் தெரு என்று கேட்க விடாமல் அந்தப் பெயரே பதில் சொல்லிவிடுகிறது. பிறகு 2023 திரைப்படத்தில் அவன் உலகம் முழுக்கத் தெரிந்தவனானான்; அங்கே மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த ஊர் அவனுக்குக் கிடைத்தது. தெரு கிடைக்கவில்லை.

5

தொடக்கத்தை மாற்றினால் ஆளையே மாற்றிவிடலாம் என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பல்ல. மதுரைவீரன் கதைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, பொம்மண நாயக்கனின் மகள் பொம்மியைக் காதலித்து, கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். ஆனால் கதை அவனைக் காசி ராஜாவின் பிள்ளை என்று தொடங்குகிறது. மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவனாம். இந்த ராஜப் பிறப்பு பின்னால் ஒட்டவைத்தது என்று நாட்டாரியல் ஆய்வாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாழ்த்தப்பட்டவன் சாதி மீறிக் காதலித்தான் என்கிற வெடிமருந்து, அரச ரத்தம் அரச ரத்தத்தைச் சேர்ந்தது என்று நமுத்துப்போகிறது. 1956ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் அந்தத் தொடக்கம்தான். காத்தவராயனுக்கும் இப்படித்தான் ஒரு தெய்வப் பிறப்பு. நம்மாட்களுக்குக் கோயில் கிடைத்தது, பிறப்பு பறிபோனது.

ஊர்களுக்கும் இது நடக்கிறது. கோடைக்கானலின் கதையைச் சுற்றுலாக் கையேடுகள் 1821ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி வந்து அளந்ததிலும், 1845ல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டியதிலும் தொடங்குகின்றன. அதே பழனி மலையில், கீழே பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கற்திட்டைகள் நிற்கின்றன. பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றித் தொல்லியல் துறை 1928லேயே தனி நூல் போட்டாயிற்று. பளியர்கள் காலங்காலமாக இங்கே இருக்கிறார்கள். இருந்தும் 1845தான் முதல் இதழ். அதற்கு முந்தியவர்கள் கதைக்குள்ளே வருகிறபோது ‘மலைவாசிகள்’ என்று, யாரோ புதிதாகச் சேர்த்த துணைப் பாத்திரம் மாதிரி வருகிறார்கள்.

6

நமக்கு இதிலிருந்து என்ன? தலித், பெண், பழங்குடி, மாற்றுத்திறனாளி, திருநங்கை என்று பாத்திரங்களைச் சேர்க்கச் சொல்லி எழுதுகிறவர்களிடம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். சேர்த்துவிட்டார்கள் என்பதோடு திருப்திப்பட்டால் வாலஸ் கதைதான் நமக்கும். கதையில் இடம் கொடுக்கிறவன், தொடக்கம் எது என்று தீர்மானிக்கிற அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறான். மைல்ஸ்டோன்காரர்கள் பாத்திரத்தோடு ஒரு நகரத்தையும், அதன் உரிமையையும் சேர்த்துக் கேட்டார்களே, அந்தக் கோரிக்கையின் கனம் இப்போது புரிகிறது.

எழுதுகிறவர்கள் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். புதியவளைக் கொண்டுவருகிறீர்களா? அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், அந்த வேலை கற்றுக்கொடுத்த பழைய ஞாபகம் கொடுங்கள். 2011க்குப் பின் வந்தவர்களில் ஹார்ப்பர் ரோ என்கிற பெண் காதம் நகர மின்சாரத் தொழிலாளி. பேட்மேன் தன் கருவிகளை நகரத்து மின்கம்பிகளில் ஒட்டிவைத்திருப்பதை அவள்தான் கண்டுபிடிக்கிறாள். கம்பியில் கைவைத்து வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? அந்த அறிவை யாரும் அவளுக்கு வரமாகக் கொடுக்கவில்லை. அழிப்பவன் கைக்கு அவ்வளவு சுலபமாக அகப்படாத கடந்தகாலம் அதுதான்.

வாசகனுக்கும் இதில் வேலை இருக்கிறது. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்த நாள் முதல் நாம் காமிக்ஸ் படித்த விதமே வேறு. எது முன்னே எது பின்னே என்று பார்க்கவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த வரிசைதான் கதையின் வரிசை. கிழிந்த பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நாமே சொல்லிக்கொண்டோம். கம்பெனி போட்ட ஒன்றாம் எண்ணை நாம் மதித்ததே இல்லை. அந்தப் பழக்கத்தைப் பாடநூல் வரைக்கும், தலபுராணம் வரைக்கும் கொண்டுபோக முடியுமா? முதல் பக்கத்தைக் காட்டி இங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்று ஒருத்தன் சொல்கிறபோது, இதற்கு முந்தின இதழ் எங்கேய்யா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.