எங்கள் ஊரின் கோடை

கோடை விடுமுறை என்றதும் பலருக்கு மலைவாசஸ்தலங்கள் நினைவுக்கு வரும். உடன்குடியில் வாழும் எங்களுக்கோ பனைதான் நினைவுக்கு வரும். கோடையே பதநீர்க் காலமல்லவா!

பனையேறுபவர் கால்களில் தளைநார் பூட்டி, காலையும் மாலையும் மரமேறுகிறார். பாளையை மெல்லச் சீவி, அதில் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது ஏன் தெரியுமா? சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காமல் இனிய பதநீராக இருக்கும். இல்லையேல் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. ஆயினும், "பனையின் கீழ் நின்று பால் குடித்தாலும் கள் என்பர்" என்னும் பழமொழி இவ்வுழைப்பாளிகளை இன்னும் புண்படுத்துகிறது.

இறக்கிய பதநீரை வடிகட்டி, விடிலி எனும் ஓலைக் குடிசையில் பெண்கள் காய்ச்சுகின்றனர். வெளியே சித்திரை வெயில். உள்ளே அடுப்பின் அனல்! மணிக்கணக்கில் கிண்டியபின், பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவர். ஆறி இறுகினால் அதுவே கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றிருப்பது எங்கள் ஊருக்குப் பெருமை.

வருத்தமான செய்தியும் உண்டு. தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்தான இத்தொழிலுக்கு இளைஞர் வருவது குறைந்துவிட்டது. சீனி கலந்த மலிவான கருப்பட்டியோ சந்தையில் எளிதாக விலைபோகிறது.

அன்புத் தோழியரே, இவ்விடுமுறையில் ஒரு நாளாவது பெற்றோருடன் விடிலிக்குச் சென்று பாருங்கள். அங்கே கருப்பட்டி வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். உழைப்பவருக்கு உரிய விலையைக் கொடுப்பதும் இறைவனுக்குச் செய்யும் தொண்டே.