'அதோ மீன்!' என்றால் போதுமா?

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? தோட்டத்துக் கால்வாய் ஓரம், ஒரு மூங்கில் கம்பு, டப்பா நிறைய மண்புழு. மிதவை அசையும்வரை காத்திருப்போம். மீன்தான் நம்மைத் தேடி வர வேண்டும். 'ஃபிளை ஃபிஷிங்' அப்படியல்ல. பல நேரங்களில் மீனை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அது இருக்கும் இடத்துக்கே இரையைக் கொண்டு சேர்க்க வேண்டும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்லும். இதில் முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் இரைக்குக் கனம் மிகக் குறைவு. தடித்த நூலுக்குத்தான் கனம். கோலைப் பின்னால் வீசிச் சட்டென நிறுத்த வேண்டும். நூல் பின்னால் நீண்டதும் முன்னால் வீசி மறுபடியும் நிறுத்த வேண்டும். வளைந்த கோல் நிமிரும்போது நூல் பறக்கும். கோலின் நுனி போகும் வழியில்தான் நூலும் போகும். ஆகவே குறி தவறினால் கைபலத்தைக் கூட்டாதீர்கள். நுனி நேர்கோட்டில் போனதா, கண் குறியின் மேல் இருந்ததா என்று பாருங்கள்.

நம் கெடாவில் இதற்கேற்ற நீர்நிலைகள் உண்டு. மூடா நீர்ப்பாசனத் திட்டத்துக்காக எழுந்த பெடு, மூடா ஏரிகள், சீக் வட்டாரத்தில் பெரிஸ் ஏரி. அணை ஏரிகளில் தூண்டில்காரர்கள் பெரிதும் விரும்பித் தேடுவது தோமான் மீனை. நம் விராலுக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். விராலைப் போலவே அதுவும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும். அப்போது ஒரு வளையம் தோன்றும். அடுத்த சில விநாடிகளுக்குள் இரை அங்கே விழுந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டியின் வேலை தொடங்குகிறது. படகில் நிற்பவர் மீனைப் பார்த்துவிடுகிறார். "அதோ! அந்தப் பக்கம்! தெரியலையா?" என்று கத்துகிறார். எந்தப் பக்கம்? அவர் நிற்கும் இடத்திலிருந்து கைநீட்டும் திசையும், தூண்டில்காரர் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் திசையும் ஒன்றல்லவே! குழப்பம் தீர்வதற்குள் மீன் போய்விடும்.

இதற்குக் கடிகார முறை இருக்கிறது. படகின் முன்முனை 12 மணி. வலப்பக்கம் 3, பின்புறம் 6, இடப்பக்கம் 9. முதலில் திசை, அடுத்து தூரம், பிறகு மீன் போகும் பக்கம். "10 மணி, 40 அடி, வலது பக்கம் போகிறது." அவ்வளவுதான். தூண்டில்காரர் கோலை அந்தத் திசையில் நீட்டிக் காட்டுவார். "இன்னும் கொஞ்சம் வலது, நில்" என்று திருத்த வேண்டும். நகரும் மீனுக்கு இரண்டு மூன்று அடி முன்னால் இரை விழ வேண்டும். தலைமேல் விழுந்தால் மிரளும். வாலுக்குப் பின்னால் விழுந்தால் பார்க்காது.

இதைக் கற்றுக்கொடுக்க ஏரி தேவையில்லை. தோட்டத்துத் திடல் போதும். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். 30, 40, 50 அடியில் பழைய தட்டுகளை வையுங்கள். பெரும்பாலான கோல்கள் 9 அடி நீளம். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மணியையும் அடியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட, மற்றவர் வீச வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். கூப்பிடத் தெரிவதும் ஒரு பயிற்சிதான். தொப்பியும் கண்ணாடியும் அவசியம். மின்கம்பிக்கு அருகே வேண்டவே வேண்டாம். இன்றைய கார்பன் கோல்களில் மின்சாரம் பாயும்.

நிறைவாக ஒன்று. மழைத்தூறல் விழுந்ததுபோல் ஓரிடத்தில் மட்டும் நீர் சிலிர்ப்பதைப் பார்ப்பீர்கள். மூச்செடுக்கக் கூட்டமாய் மேலே வரும் சிவந்த தோமான் குஞ்சுகள் அவை. கீழே பெற்றோர் காவல் நிற்கும். அங்கே இரை விழுந்தால் அவை கடிக்கும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குறி வைக்க மிகவும் எளிதான இடம் இதுதான். அதனால்தான் இங்கே வழிகாட்டியின் பொறுப்பு பெரிது. பார்த்ததையெல்லாம் அவர் கூப்பிட வேண்டியதில்லை.

தோட்டங்களை விட்டு சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடியேறிய நம் பெரியவர்களில் பலருக்குத் தண்ணீரைப் படிக்கத் தெரியும். எந்த அசைவு மீன், எது காற்று என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணோடு இந்தக் கடிகாரமும் சேர்ந்தால், நம் இளைஞர்கள் நல்ல வழிகாட்டிகளாகலாம். எங்கே வீசுவது என்பதோடு எங்கே வீசக்கூடாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.