முதல் படத்துக்கு ஒரு கடைசித் தேதி

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியில் இருக்கிறது முகையூர். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். திடலில் சாக்கை விரித்து, பாதித் தூக்கத்தில் கட்டியங்காரன் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள்.

எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. “சூப்பர்டா” என்று நாலு பதில் வருகிறது. அதோடு சரி. கதை எங்கே தொய்ந்தது, எந்தக் காட்சி தேவையே இல்லை என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த கதைகளின் கதி இன்னும் மோசம். “அடுத்த லீவுல எடுத்துடலாம்” என்று சொல்லிச் சொல்லியே பல லீவுகள் போய்விடுகின்றன.

குறும்படப் போட்டியும் திரைக்கதைப் போட்டியும் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஒரு நல்ல போட்டி மூன்று விஷயங்களைத் தருகிறது: வேலையை முடிக்க வைக்கும் கடைசித் தேதி, படத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கும் கண்கள், பார்த்த பிறகு ஒரு நேர்மையான பதில். பரிசுத் தொகை இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

தொலைக்காட்சி திறந்த வாசல்

சினிமாவுக்குள் நுழையும் வாசல் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1928-ல் விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன், சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து நடிப்பைக் கற்றவர். அடுத்து வந்த காலத்தில், இயக்குநராக ஆசைப்பட்டவர் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர வேண்டும். வாய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வசதியோ அறிமுகமோ இல்லாதவருக்கு அந்த வாசல் திறப்பது அரிது.

கலைஞர் தொலைக்காட்சியில் 2010-ஐ ஒட்டித் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி இந்த வழக்கத்தில் ஒரு பெரிய உடைப்பை உண்டாக்கியது. போட்டியாளர்கள் சுற்றுக்கு ஒரு குறும்படம் எடுத்து வர வேண்டும். கார்ட்டூனிஸ்ட் மதன், பிரதாப் போத்தன் போன்றவர்கள் நடுவர்களாக அமர்ந்து, படத்தைப் பார்த்த கையோடு நிறைகுறைகளைச் சொன்னார்கள். அதை வீட்டிலிருந்தவர்களும் கேட்டார்கள். படம் எடுத்தவரோடு சேர்ந்து பார்வையாளரும் பாடம் படித்தார்.

விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம் 2012-ல் முழுநீளப் படமாயிற்று. அதே ஆண்டு கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ வந்தது. 2013-ல் நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’, அல்போன்ஸ் புத்திரனின் ‘நேரம்’. 2015-ல் ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’. எல்லோரும் அந்த மேடையில் நின்றவர்கள். கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதிதான் ‘பீட்சா’வின் நாயகன்.

போட்டியாளராக வந்த கார்த்திக் சுப்பராஜ் பின்னாளில் இன்னொரு போட்டியின் நடுவரானார். நிறுவன ஊழியர்களுக்காக நடந்த அந்தக் குறும்படப் போட்டியில் கலந்துகொண்டவர்களில் ஒருவர், அப்போது வங்கியில் வேலை பார்த்த லோகேஷ் கனகராஜ். 2016-ல் கார்த்திக்கின் ஸ்டோன் பெஞ்ச் நிறுவனம் வெளியிட்ட ‘அவியல்’ தொகுப்பில் லோகேஷின் ‘களம்’ இடம்பெற்றது. அடுத்த ஆண்டு லோகேஷின் ‘மாநகரம்’ வெளியானது. ஒரு போட்டியில் வளர்ந்தவர் இன்னொருவரை அடையாளம் காண்கிறார். இந்தச் சங்கிலி அறுபடாமல் நீள வேண்டும்.

ஒரு கேமரா, ஒரு கார்

‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து கிராமத்துப் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டிய படங்கள் இரண்டு: ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’, எஸ்.யூ. அருண்குமாரின் ‘பண்ணையாரும் பத்மினியும்’. இரண்டும் முதலில் குறும்படங்கள். 2014-ல் அதே பெயர்களில் முழுநீளப் படங்களாயின.

முதல் கதையில், போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஊருக்குள் ஒரு போட்டோகிராபர் வருகிறார். இரண்டாவது கதையில், ஒரு பண்ணையார் பத்மினி கார் மேல் பாசம் வைக்கிறார். இவ்வளவுதான் ‘ஒன் லைன்’. ஒரு பொருள், ஓர் ஊர், அந்தப் பொருள் ஊருக்குள் வந்ததால் மனிதர்களுக்குள் நடக்கும் மாற்றம். துப்பாக்கியும் வேண்டாம், வெளிநாட்டுத் தெருவும் வேண்டாம்.

முகையூர்ப் பக்கத்தில் இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. கரும்பு வெட்ட வந்து வயலோரம் குடிசை போட்டுத் தங்கும் குடும்பம், கூத்துக் கலைஞர் வீட்டுப் பரணில் கிடக்கும் கிரீடம், தென்பெண்ணையில் தண்ணீர் வந்த அன்று ஊரே கரைக்கு ஓடுவது என்று எதை எடுத்தாலும் எட்டு நிமிடப் படத்துக்குப் போதும்.

குறும்படம் எவ்வளவு நீளம்?

ஆஸ்கர் விருதுக் குழுவின் கணக்கில், பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடிவது குறும்படம். போட்டிகள் இதைவிடச் சுருக்கமாகக் கேட்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2015 முதல் நடத்திவரும் குறும்படப் போட்டியில் படம் 3 முதல் 10 நிமிடம் வரை இருக்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. தமிழில் எடுத்து ஆங்கில சப்டைட்டிலோடு அனுப்பலாம். முதல் பரிசு 2 லட்சம் ரூபாய். 2024-ம் ஆண்டுப் போட்டியில், குடிநீரின் அருமையை வசனமே இல்லாமல் சொன்ன தமிழ்நாட்டுப் படம் ஒன்று மூன்றாம் பரிசு பெற்றது.

நேரத்தையே சவாலாக வைக்கும் போட்டிகளும் உண்டு. 2001-ல் வாஷிங்டனில் தொடங்கிய ‘48 ஹவர் ஃபிலிம் ப்ராஜெக்ட்’ எழுதுவது முதல் எடிட்டிங் வரை எல்லாவற்றையும் இரண்டு நாளில் முடிக்கச் சொல்கிறது. தமிழர்களுக்கென்று பார்த்தால், ஆஸ்லோவில் நடக்கும் நோர்வே தமிழ் திரைப்பட விழாவிலும் 2015-ல் தொடங்கிய யாழ்ப்பாணம் சர்வதேச திரைப்பட விழாவிலும் குறும்படங்களுக்கு இடம் உண்டு. இங்கே தமிழ் ஸ்டுடியோ அமைப்பு, படத்தொகுப்பாளர் பீ. லெனின் பெயரில் குறும்படக் கலைஞர்களுக்கு விருது வழங்கியிருக்கிறது. லெனினே ‘நாக் அவுட்’ என்ற குறும்படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர்.

எழுத்துக்கும் ஒரு மேடை

நம் ஊரில் குறும்படப் போட்டிகள் பெருகிய அளவுக்குத் திரைக்கதைப் போட்டிகள் பெருகவில்லை. படத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். எழுதிய தாளைப் படிக்க ஆள் பிடிப்பது கடினம். ஆனால், குறும்படங்கள் சறுக்குவது பெரும்பாலும் தாளிலேயே தொடங்கிவிடுகிறது.

எழுத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் மரபு தமிழுக்குப் புதிதில்லை. 1970-ல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு மாதந்தோறும் பத்திரிகைக் கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அவற்றிலிருந்து ஆண்டின் சிறந்த கதையைச் சொன்னது. திரைக்கதைக்கு அப்படியொரு பொறுமையான வாசிப்பைத் தருவது தேசிய அளவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) திரைக்கதைப் பட்டறை. 2007-ல் தொடங்கிய இந்தப் பட்டறையில் மெருகேறிய எழுத்துகளில் ஒன்றுதான் 2013-ல் வந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’.

ஓர் ஊர் அளவில் நடத்தும்போது இரண்டு கட்டமாக வைப்பது நல்லது. முதலில் பத்துப் பக்கத்துக்குள் திரைக்கதை கேட்க வேண்டும். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. காட்சி எண், உள்ளா வெளியா, இடம், பகலா இரவா என்ற குறிப்புகளோடு எழுதச் சொன்னால் போதும். பெயரை மறைத்து எண் மட்டும் போட்டு நடுவர்களுக்கு அனுப்ப வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று தெரியாமல் படிப்பதுதான் நியாயம். தேர்வான ஐந்தாறு பேரை ஒரு நாள் உட்காரவைத்துக் கதையைப் பேசித் திருத்தி, பிறகு படம் எடுக்க அனுப்ப வேண்டும்.

நடுவர் மேசையில்

இருபது படங்கள், படத்துக்கு எட்டு நிமிடம் என்றால் 160 நிமிடம். மூன்று நடுவர்கள், ஆளுக்கு ஒரு மதிப்பெண் தாள். கதைக்கு இவ்வளவு, திரைக்கதைக்கு, நடிப்புக்கு, ஒளிப்பதிவுக்கு, ஒலிக்கு, படத்தொகுப்புக்கு இவ்வளவு என்று பிரித்து, அதை அறிவிப்பிலேயே அச்சிட்டுவிட்டால் முடிவில் மனக்கசப்பு வராது.

இப்படி வரிசையாகப் பார்க்கும்போது சில பழக்கங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அலாரம் அடித்து நாயகன் எழுந்து பல் தேய்க்கும் தொடக்கம். நடந்ததெல்லாம் கனவு என்ற முடிவு. கதை தொடங்குமுன் இரண்டு நிமிடத்துக்கு ஓடும் நன்றிப் பட்டியல். இவை எவரிடமும் இருக்கும் முதல் படத்துத் தயக்கங்கள். அன்போடு ஒருமுறை சொன்னால் அடுத்த படத்தில் போய்விடும்.

படங்களைக் கீழே இழுக்கும் பெரிய குறை ஒலி. நடிகர் பத்தடி தள்ளி நிற்க, கேமரா கைப்பேசியில் காற்றும் மோட்டார் கொட்டகைச் சத்தமும்தான் பதிவாகும். இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நடிகரின் சட்டைப் பையில் வையுங்கள். காட்சி தொடங்குமுன் கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கையைத் தட்டுங்கள். எடிட்டிங்கில், கைகள் சேரும் படத்தையும் ‘பட்’டென்ற ஓசையையும் ஒரே கோட்டில் வைத்தால் வசனமும் உதடும் பொருந்திவிடும். சினிமாவில் கிளாப் பலகை செய்யும் வேலையும் இதுவே.

கதை யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே திரைக்கதை எழுதியவருக்குச் சொந்தம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் சான்றாக நிற்கும். பதிப்புரிமை அலுவலகத்தில் எழுத்துப் படைப்புக்கு 500 ரூபாயும் திரைப்படத்துக்கு 5,000 ரூபாயும் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டன. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கமும் உறுப்பினர்களின் கதைகளைப் பதிவு செய்கிறது. 2018-ல் ‘சர்கார்’ படத்தின் கதை யாருடையது என்று எழுந்த விவாதத்தில், எழுத்தாளர் வருண் ராஜேந்திரன் 2007-ல் அந்தச் சங்கத்தில் பதிந்து வைத்திருந்த ‘செங்கோல்’ கதைதான் அவருடைய ஆதாரமாக இருந்தது. படம் வெளியாகுமுன் அது சமரசத்தில் முடிந்தது.

போட்டிக்கு அனுப்புமுன் விதிமுறையில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். ‘அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் அமைப்பாளர்களுக்கே’ என்றிருந்தால் விலகிவிடுங்கள். திரையிடும் அனுமதி மட்டும் கேட்பதே முறை. கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுப்பிய அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு பட்டம் தரும் இணையப் போட்டிகளிலும் கவனம் தேவை. நடுவர் யார், திரையிடல் எங்கே, எப்போது என்று சொல்லாத போட்டியில் உங்கள் படத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

படம் எடுப்பவர்களும் பிறர் உரிமையை மதிக்க வேண்டும். சினிமாப் பாட்டை எடுத்துப் பின்னணியில் போடக் கூடாது. செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அங்கும் ரயில் நிலையத்திலும் படம்பிடிக்க முன்அனுமதி வேண்டும்.

முகையூரில் நடத்துவதென்றால்

ஒரு பள்ளி அல்லது நூலகம், கடன் வாங்கிய ஒரு புரொஜெக்டர், திரையாக ஒரு வெள்ளை வேட்டி, ஒலிபெருக்கி, அக்கறையுள்ள மூன்று நடுவர்கள் போதும். அறிவிப்புக்கும் திரைக்கதை அனுப்பும் கடைசி நாளுக்கும் இடையே ஒரு மாதம், படம் எடுக்க இன்னொரு மாதம் கொடுக்கலாம். அறுவடை நாளும் தேர்வு நாளும் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொது இடத்தில் திரையிடத் தணிக்கைச் சான்று வேண்டும் என்கிறது 1952-ம் ஆண்டுத் திரைப்படச் சட்டம். விலக்குப் பெறவும் அதிலேயே வழி உண்டு. அமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

பெண்களுக்குத் தனிப் பிரிவு வைப்பதைவிட, அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசிப் படக்குழுவில் சேர்க்க அனுமதி வாங்குவது பெரிய உதவி. பரிசுப் பணத்தை ஒருவருக்கே தராமல், தேர்வான கதைகளுக்குப் படச்செலவாகப் பிரித்துக் கொடுக்கலாம். தோற்றவர் கையிலும் நடுவர் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு ஒன்று போய்ச் சேர வேண்டும். அடுத்த ஆண்டு அவரை மீண்டும் வரவைப்பது அந்தக் குறிப்புதான்.

கூத்து நடந்த அதே திடலில் ஒரு மாலை வேட்டியைக் கட்டிப் படங்களை ஓட்டுங்கள். கூத்தில் வேஷக்காரர் தளர்ந்தால் உடனே கண்டுபிடிக்கும் கூட்டம் அது. பாட்டி ஒருவர் எழுந்து போகிற நிமிடம் எது என்று மட்டும் இயக்குநர் கவனித்தால் போதும், எங்கே வெட்ட வேண்டும் என்று புரிந்துவிடும். அந்த மாலைக்கான தேதியை யாராவது ஒருவர் இன்றே காலண்டரில் வட்டமிட வேண்டும்.